ஏட்டில் எழுந்த நகரங்கள்

மனிதனுக்கு இல்லங்கள் இரண்டு. ஒன்று அவன் குடியிருக்கும் வீடு. மற்றொன்று அவ்வீடு நிற்கும் ஊர். வீட்டின் கூரை ஒழுகினால் உடனே உணர்கிறோம். ஏணி வைத்து ஏறி ஓட்டை மாற்றுகிறோம். ஊரின் அமைப்புப் பழுதுபட்டால் அதனை எளிதில் உணர்வதில்லை. நடக்க இடமின்றி நாற்சந்தியில் தயங்கி நிற்கும்போதும், பள்ளிக்குச் சென்ற பிள்ளை சாலையைக் கடந்து வீடு வந்து சேரும்வரை நெஞ்சம் பதைக்கும்போதும், அதனை நம் தலைவிதி என்றே எண்ணிவிடுகிறோம். ஆயினும், ஊர் என்பது மலையையும் ஆற்றையும் போலத் தானே தோன்றியது அன்று; மாந்தர் கையால் அமைந்தது. ஆதலின், அதனை எவ்வாறு அமைப்பது என்பதும், யார் அமைப்பது என்பதும் நாம் எல்லோரும் ஆராய வேண்டிய வினாக்கள் ஆகும்.

இவ்வினாக்களுக்கு விடை காணச் சென்ற நூற்றாண்டில் முயன்ற கட்டடக்கலைஞர் பலர். அவருள் இருவரை ஈண்டுக் காண்போம். ஒருவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சைத் தம் நாடாக்கிக் கொண்ட லெ கொர்புசியே. மற்றொருவர் அமெரிக்கராகிய பிராங்க் லாய்டு ரைட். இருவரும் தம் காலத்து நகரங்களைக் கண்டு உள்ளம் கொதித்தனர். இருவரும் குறையே இல்லாத நகரம் ஒன்றை மனத்தில் கட்டி, அதனை ஏட்டில் எழுதிக் காட்டினர். ஆனால், ஒருவர் கண்ட கனவுக்கும் மற்றவர் கண்ட கனவுக்கும் இடையே விண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவு இருந்தது.

அவர்கள் உள்ளம் கொதித்ததற்குத் தக்க காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் இயந்திரத் தொழில் பெருகியது. சிற்றூர் மக்கள் வேலை தேடி நகரங்களில் வந்து குவிந்தனர். 1801-இல் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் வாழ்ந்த இலண்டன் மாநகரில், 1901-இல் ஏறத்தாழ 65 இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். ஆலைப் புகை வானை மறைத்தது. வெயிலும் காற்றும் புகாத ஓர் அறையில் ஒரு குடும்பமே ஒடுங்கிக் கிடந்தது. காசநோய் ஏழைகளின் வீடுதோறும் புகுந்தது. 1854-இல் இலண்டனின் சோகோ பகுதியில் தெருக்குழாய் ஒன்றின் நீரே காலராவைப் பரப்பியது என்பதை ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் ஆராய்ந்து காட்டினார். இத்தகைய நகரத்தைக் கண்ட எவரும், ‘இதனை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்தால் என்ன?’ என்று எண்ணுவது இயல்பே.

அவ்வாறு முதலில் எண்ணியவருள் ஒருவர் எபினேசர் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர். அவர் கட்டடக்கலைஞர் அல்லர். பாராளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எழுதி வாழ்ந்தவர். நகரத்தின் தொழிலும் நாட்டுப்புறத்தின் நல்ல காற்றும் ஒருங்கே அமைந்த ‘தோட்ட நகரம்’ ஒன்றை 1898-இல் வெளியிட்ட நூலில் அவர் வரைந்து காட்டினார். 6,000 ஏக்கர் நிலம். அதில் 1,000 ஏக்கரில் நகரம். எஞ்சிய நிலத்தில் வயலும் தோப்பும். மக்கள் தொகை 32,000. நிலம் தனியொருவருக்கு உரியதாகாமல் ஊர்ப்பொதுவாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கையின் உயிர்நாடி. அக்கொள்கையைத் தழுவி 1903-இல் லெட்ச்வொர்த் என்னும் ஊரும், 1920-இல் வெல்வின் என்னும் ஊரும் இங்கிலாந்தில் எழுந்தன. பின்வந்தோர் எல்லோரும் ஒருவகையில் இவருக்குக் கடன்பட்டவரே. நிற்க.

லெ கொர்புசியே 1887-இல் பிறந்தார். அவர் பிறந்த லா ஷோ தெ போன் என்னும் ஊர் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனது. அவர் தந்தையார் கடிகார முகப்புகளுக்கு வண்ணப்பூச்சு இடுபவர். அவ்வூர் 1794-இல் தீக்கிரையாகி, பின்னர் நேர்கோட்டு வீதிகளோடு புதிதாக அமைக்கப்பட்டது. கடிகாரத்தின் ஒழுங்கையும் நேர்வீதியின் அழகையும் கண்டு வளர்ந்த சிறுவன், பிற்காலத்தில் நகரமும் ஒரு கடிகாரம்போல் இயங்க வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை. வீடு என்பது வாழ்வதற்கு அமைந்த ஓர் இயந்திரம் என்பது அவர் கருத்து. வளைந்து செல்லும் தெரு கழுதை நடந்த வழி. நேரே செல்லும் தெருவே குறிக்கோள் உடைய மனிதன் வகுத்த வழி என்றும் அவர் வாதிட்டார்.

1922-இல் பாரிசு நகரில் நடந்த கண்காட்சி ஒன்றில் 30 இலட்சம் மக்களுக்குரிய நகரத்தின் அமைப்பை அவர் காட்டினார். அந்நகரின் நடுவே கண்ணாடியால் ஆன 24 கோபுரங்கள்; ஒவ்வொன்றும் 60 மாடி உயரம். கட்டடங்கள் வானோக்கி உயர்ந்தமையால், அவற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி பூங்காவாக விடப்பட்டது. இரண்டு பெருஞ்சாலைகள் நகரின் நடுவே ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. ஆட்சி செய்வோரும் அறிவுத்தொழில் புரிவோரும் நகரினுள் வாழ்வர். உழைப்பாளருள் பெரும்பாலோர் புறத்தே அமைந்த தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வர். 1925-இல் அவர் இன்னும் ஒருபடி முன்சென்றார். பாரிசின் நடுப்பகுதியில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த தெருக்களை நீக்கி, ஒருசில பழஞ்சின்னங்களை மட்டும் விட்டுவைத்து, அவ்விடத்தில் 18 கோபுரங்களை எழுப்பலாம் என்றார். அத்திட்டம் அதற்குப் பொருளுதவி செய்த மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஒருவரின் பெயரையே தாங்கி நின்றது. பாரிசு மக்கள் அதனை ஏற்கவில்லை. ஆயினும், அவர் தம் கருத்தில் வளர்ந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். 1930-க்குப் பின் அவர் வகுத்த ‘ஒளிரும் நகர’த்தில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் பிரிவினையைக் கைவிட்டார், பதவியை நோக்காது, குடும்பத்தின் அளவை நோக்கியே வீடு அளிக்கப்படும் என்றார்.

இனி, ரைட் கண்ட கனவைக் காண்போம். அவர் 1867-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் கோடைதோறும் தம் தாய்மாமன் பண்ணையில் மண்ணோடு மண்ணாக உழைத்தவர். பின்னர்ச் சிகாகோ சென்று புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஆனபோதும், பண்ணையின் நினைவு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. மாநகரம் மக்களை வாடகைக்கு அடிமைகளாக்கி, அவர்தம் தனித்தன்மையை விழுங்குகிறது என்று அவர் கருதினார். மின்சாரமும் தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வந்தபின், மக்கள் ஓரிடத்தில் நெருங்கிக் கிடக்க வேண்டிய தேவை என்ன என்று வினவினார். 1932-இல் எழுதிய நூலில், நகரம் மறையப் போகிறது என்றே அவர் அறிவித்தார்.

மறையும் நகரத்திற்கு மாற்றாக அவர் காட்டியது ‘பிராட் ஏக்கர் நகரம்’. 1935-இல் அதன் மாதிரி உருவம் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பன்னிரண்டு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உடைய அம்மாதிரியில், 4 சதுர மைல் நிலமும் அதில் வாழும் 1,400 குடும்பங்களும் காட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு குடும்பத்திற்கும் குறைந்தது ஓர் ஏக்கர் நிலம் உண்டு. அந்நிலத்தில் வீடு, காய்கறித் தோட்டம், பழமரங்கள். இடையிடையே சிறு பள்ளிகள், சிறு தொழிற்சாலைகள், சாலையோரச் சந்தைகள். இவையனைத்தையும் இணைப்பவை அகன்ற மோட்டார்ச் சாலைகள். தன் நிலத்தில் தானே உழைத்து உண்பவனே தலைநிமிர்ந்த குடிமகன் என்பது அவர் நம்பிக்கை.

இரு கனவுகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். ஒருவர் மக்களை வானோக்கி அடுக்கினார். மற்றவர் மண்மேல் பரப்பினார். ஒருவர் நிலம் எல்லோர்க்கும் பொதுப் பூங்காவாகட்டும் என்றார். மற்றவர் நிலம் ஒவ்வொருவர்க்கும் சொந்தமாகட்டும் என்றார். ஒருவர் ஒழுங்கைப் போற்றினார். மற்றவர் உரிமையைப் போற்றினார். ஒரு சிறு கணக்கே இவ்வேற்றுமையின் அளவை விளக்கும். ஒரு குடும்பத்துக்கு ஐவர் எனக் கொண்டால், லெ கொர்புசியேயின் 30 இலட்சம் மக்கள் 6 இலட்சம் குடும்பத்தினர் ஆவர். அவர்க்கு ரைட் சொன்னவாறு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் அளித்தால், வீட்டு நிலம் மட்டுமே 900 சதுர மைலுக்கு மேல் வேண்டும். முதலாமவர் நகரில் மண் நமக்கு எட்டாது. இரண்டாமவர் நகரில் மனிதர் நமக்கு எட்டார்.

எனினும், இத்துணை மாறுபட்ட இருவரும் தம்மை அறியாமலே இரண்டு செய்திகளில் ஒன்றுபட்டனர். இருவரும் மோட்டார் வண்டியை நம்பி நகரை வகுத்தனர். வண்டி இல்லாத ஏழையும், வண்டி ஓட்ட இயலாத முதியவரும், சிறு பிள்ளையும் அந்நகரங்களில் எவ்வாறு சென்று வருவர் என்பது அவர்கள் சிந்தனையின் நடுவில் இல்லை. அடுத்து, ஒரு நகரத்தின் வாழ்வு முழுவதையும் ஒரு பேரறிஞன் தன் மேசையில் அமர்ந்து வகுத்துவிடலாம் என்று இருவரும் நம்பினர். உரிமையைப் பாடிய ரைட்டும், தம் நகரில் எக்கட்டடம் எங்கே எழ வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தைக் கட்டடக்கலைஞர் கையிலேயே ஒப்படைத்தார். என் கருத்தில், அவ்விருவர் கனவுகளிலும் உள்ள குறை உயரத்திலோ பரப்பிலோ இல்லை; இங்கேதான் உள்ளது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ரைட்டின் நகரம் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. ஆனால், லெ கொர்புசியேயின் கருத்துகள் கல்லும் கான்கிரீட்டுமாக எழுந்து நின்றன. அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே உள்ளது. 1947-இல் நாடு பிரிவுற்றபோது பஞ்சாபின் பழந்தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கர் முதலில் அதற்குத் திட்டம் வகுத்தார். அவருக்குத் துணையாயிருந்த மத்தேயு நோவிக்கி 1950-இல் விமான விபத்தில் உயிர் துறந்தார். அதன்பின் 1951-இல் அப்பணி லெ கொர்புசியேயிடம் வந்தது. பியேர் ழான்னெரே, மேக்சுவெல் பிரை, ஜேன் டுரூ ஆகியோர் அவருடன் உழைத்தனர். 1953-இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் சண்டிகரைத் தொடங்கி வைத்தார்.

சண்டிகரின் நிறைகளை மறைத்தல் அறம் ஆகாது. 800 மீட்டர் அகலமும் 1,200 மீட்டர் நீளமும் உடைய பகுதிகளாக நகரம் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியிலும் பள்ளியும் கடையும் பசும்புல் வெளியும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்தன. விரைந்து செல்லும் வண்டிகள் பகுதியினுள் புகாதவாறு சாலைகள் ஏழு வகையாகப் பிரிக்கப்பட்டன. அரசு ஊழியரின் வீடுகள் பதவிக்கேற்பப் பல தரத்தின ஆயினும், கடைநிலை ஊழியர்க்கும் குடிநீரும் கழிப்பறையும் உடைய வீடு வேண்டும் என்பதில் அதனை அமைத்தோர் கருத்தூன்றினர். மரங்கள் நிழல் பரப்பும் அந்நகரை அங்கு வாழ்வோர் பெருமையுடன் போற்றுகின்றனர். அங்குள்ள சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம் ஆகியவை அடங்கிய தொகுதி 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால், கல் சுமந்தும் மண் சுமந்தும் அந்நகரைக் கட்டிய கூலியாட்கள் எங்கே வாழ்ந்தனர்? திட்டத்தில் அவர்க்கென நிலையான இடம் இல்லை. அவர்கள் குடிசைகளிலும் தற்காலிகக் குடியிருப்புகளிலும் தங்கினர். கட்டடங்கள் முடிந்தன, அவர்கள் திரும்பிச் செல்லவில்லை. எங்கே செல்வர்? நகரம் அவர்கள் உழைப்பை வேண்டிக்கொண்டே இருந்தது; அவர்கள் இருப்பை மட்டும் வேண்டவில்லை.

பிரேசில் நாட்டின் தலைநகராகிய பிரசிலியாவின் வரலாறும் இதுவே. 1957-இல் நடந்த போட்டியில் வென்ற லூசியோ கோஸ்தா நகரை வகுத்தார். ஆஸ்கர் நீமேயர் அதன் மாளிகைகளை அமைத்தார். இருவரும் லெ கொர்புசியேயின் கருத்துகளில் ஊறியவர்கள். சிறகு விரித்த பறவை போன்ற வடிவில், 5 இலட்சம் மக்களுக்காக வகுக்கப்பட்ட அந்நகரம் 1960-இல் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1958-இல், அதனைக் கட்ட வந்த உழைப்பாளருக்காகத் தகுவாட்டிங்கா என்னும் ஊரைத் தொலைவில் அமைக்க வேண்டியதாயிற்று. தலைநகரம் திறக்கப்படுமுன்பே அதன் புறஞ்சேரி பிறந்துவிட்டது! இன்று அத்தலைநகர் வட்டாரத்தில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவருள் பெரும்பாலோர் கோஸ்தா வரைந்த பறவையின் சிறகுகளுக்கு வெளியே உள்ளவரே.

மீண்டும் சண்டிகருக்கு வருவோம். அங்கே நேக் சந்த் என்னும் ஒருவர் அரசின் பொதுப்பணித் துறையில் சாலைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். பிரிவினையால் தம் ஊரை இழந்து வந்தவர் அவர். புதிய நகருக்காகப் பழைய ஊர்கள் இடிக்கப்பட்டபோது எறியப்பட்ட உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் அவர் பொறுக்கிச் சேர்த்தார். ஓய்வு நேரங்களில், ஒருவரும் அறியாமல், நகரின் ஓரத்துக் காட்டினுள் அவற்றால் மனித உருவங்களையும் விலங்கு உருவங்களையும் செய்து வைத்தார். அந்நிலத்தில் அவர் எதுவும் கட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. பல்லாண்டுகள் கழிந்து அதிகாரிகள் அதனைக் கண்டபோது, அதனை அழிப்பதா காப்பதா என்னும் வினா எழுந்தது. மக்கள் அவர் பக்கம் நின்றனர். 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று சண்டிகருக்குச் செல்வோர் லெ கொர்புசியேயின் மாளிகைகளோடு, திட்டத்தில் இல்லாத அந்தப் பாறைத் தோட்டத்தையும் தேடிச் சென்று காண்கின்றனர்.

இதனை எண்ணுந்தோறும் என் நினைவு நான் கற்பித்த இலக்கணத்தின்பால் செல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்க்கு இலக்கணம் பயிற்றியவன் நான். இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பதே நம் ஆசிரியர் கொள்கை. மக்கள் பேசினர், பாடினர்; அதன்பின் அவர் வழக்கினை ஆராய்ந்து விதி வகுத்தனர். விதி வகுத்த பின்னரும் அவர்கள் செருக்குறவில்லை. இயலின் இறுதியில் புறநடை என்று ஒரு நூற்பாவை வைத்தனர். சொல்லியவற்றுள் அடங்காதன உளவாயின் அவற்றையும் தழுவிக்கொள்க என்பது அதன் பொருள். தம் அறிவுக்கு எட்டாத வழக்கும் உலகில் உண்டு என்று ஒப்புக்கொண்ட பணிவு அது. நகர் வகுத்த பேரறிஞரோ இலக்கணத்தை முதலில் எழுதி, அதற்கேற்ப வாழுமாறு மக்களைக் கேட்டனர். புறநடை எழுத மறந்தனர். நேக் சந்தின் தோட்டம் சண்டிகரின் புறநடை. அதனை ஏற்றுக்கொண்டதனால் அந்நகரம் சிறுமை அடையவில்லை, பெருமையே அடைந்தது.

‘அங்ஙனமாயின், திட்டமே வேண்டா என்கிறீரோ?’ என்று நீங்கள் வினவலாம். அவ்வாறு சொல்வது பேதைமை ஆகும். இலக்கணமே இல்லாவிடின் மொழி சிதையும். திட்டமே இல்லாவிடின் நகரம் அழியும். குடிநீர் வரும் வழியும், கழிவுநீர் போகும் வழியும், ஏரியின் எல்லையும், வெள்ளம் வடியும் கால்வாயும் அவரவர் விருப்பத்துக்கு விடத்தக்கன அல்ல. அவற்றை முன்கூட்டியே வகுத்து, உறுதியாகக் காத்தல் வேண்டும். ஏரியை மனையாக்கியபின் வெள்ளத்தைப் பழித்துப் பயன் இல்லை. ஆனால், ஒரு தெருவில் யார் கடை வைப்பது, எந்தத் திண்ணையில் யார் அமர்ந்து பேசுவது, எந்த மரத்தடியில் பிள்ளைகள் விளையாடுவது என்பனவற்றை மேசையில் அமர்ந்து வகுத்தல் இயலாது. அமெரிக்க எழுத்தாளராகிய ஜேன் ஜேக்கப்சு என்னும் அம்மையார் 1961-இல் வெளியிட்ட நூலில் இதனையே வலியுறுத்தினார். வீடும் கடையும் கலந்து, மக்கள் நடமாட்டம் நிறைந்த பழைய தெருவே பாதுகாப்பானது என்றும், அங்கே கண்கள் பல எந்நேரமும் காவல் புரிகின்றன என்றும் அவர் காட்டினார். பேரறிஞர் அழுக்கென்று கண்ட தெருவில், அங்கே குடியிருந்த அவர் ஓர் ஒழுங்கைக் கண்டார்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளைப் பொறியாளர் ஆவீர்கள், சிலர் நகர்மன்றத்தில் அமர்வீர்கள், எஞ்சியோர் வாக்களிப்பீர்கள். என்றேனும் ஒருநாள் உங்கள் ஊரை மாற்றியமைக்கும் வரைபடம் ஒன்று உங்கள் முன் விரிக்கப்படும். அதில் சாலைகள் நேராக இருக்கும். மரங்கள் பச்சையாக இருக்கும். கட்டடங்கள் கண்ணைக் கவரும். அதனைக் கண்டு மயங்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்நகரைக் கட்டுகின்ற உழைப்பாளி இரவில் எங்கே உறங்குவான்? கூடையில் கீரை சுமந்து வரும் மூதாட்டி அதனை எங்கே இறக்கி வைப்பாள்? எட்டு வயதுப் பிள்ளை யார் துணையும் இன்றிப் பள்ளிக்கு நடந்து செல்ல இயலுமா? இம்மூன்றுக்கும் வரைபடத்தில் விடை இருப்பின் அதனை வரவேற்பீர்களாக. இல்லையாயின், அதனை வரைந்தவர் எத்துணைப் பெரியவராயினும், ‘ஐயா, இதில் இன்னும் எழுத வேண்டியது உண்டு’ என்று பணிவுடனும் துணிவுடனும் எழுந்து சொல்லுங்கள்.